குழந்தையின் மூளைப் படத்தில் ஒரு வளையம்

தென் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய குடும்பமொன்றைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமிக்கு வகுப்பறையில் திடீரென வலக்கை துடிக்கிறது; தலை ஒரு பக்கமாகத் திரும்புகிறது; பின்னர் நினைவு தப்புகிறது எனக் கொள்வோம். இரண்டு நிமிடங்களில் வலிப்பு அடங்குகிறது. பவானிபூரிலுள்ள பாங்கூர் நரம்பியல் நிலையம் போன்றதொரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. மூளையின் இடப்பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு வெண்மையான வளையம் தெரிகிறது. அது யாது? காசநோய்க் கட்டியா, புற்றா, வேறொன்றா? இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அக்குழந்தைக்கு அளிக்கப்படும் சிகிச்சை அமையும்.

மண்டையோட்டினுள் நோக்கிய வரலாறு

1895-ஆம் ஆண்டில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அவற்றால் எலும்பு தெளிவாகத் தெரிந்ததேயன்றி, மென்மையான மூளை தெரியவில்லை. 1918-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டாண்டி, மூளையின் உள்ளறைகளிலுள்ள நீரை வாங்கி, அங்குக் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். பயன் மிக்கதாயினும் அது துன்பமும் அபாயமும் நிறைந்த முறையாகும். 1971 அக்டோபரில் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. பல திசைகளிலிருந்து செலுத்திய எக்ஸ் கதிர்கள் எவ்வளவு குறைந்து வெளிவருகின்றன என்பதை அளந்து, கணிப்பொறியின் உதவியால் மூளையைத் துண்டு துண்டாக நறுக்கினாற்போன்ற படங்களை அமைப்பதே இதன் தத்துவம். இதுவே சி.டி. ஸ்கேன்.

குழந்தைகளுக்குரிய மூன்று முறைகள்

(1) மிகையொலிப் படம்: கைக்குழந்தையின் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். அதுவரை அக்குழியே மூளையைக் காண்பதற்குரிய சாளரமாகும். முதல் மூன்று அல்லது நான்கு மாதங்களில் முதுகெலும்பின் பின்வளைவுகள் முற்றும் எலும்பாகாதிருப்பதால், தண்டுவடத்தையும் இம்முறையால் காணலாம். ஆதலின் பிறந்த குழந்தையின் அடிமுதுகில் மயிர்க்கொத்து, கொழுப்புத் திரட்சி, ஆழ்ந்த குழி ஆகியவற்றைக் காணும் களப்பணியாளர் காலந்தாழ்த்தலாகாது.

(2) சி.டி. ஸ்கேன்: சில விநாடிகளில் முடிவது; தலைக்காயத்துக்கும் இரத்தக் கசிவுக்கும் ஏற்றது. எனினும் வளரும் திசுக்கள் கதிர்வீச்சினால் எளிதில் பாதிக்கப்படுவதால், தேவையுள்ளபோது மட்டுமே, குறைந்த அளவு கதிர்களைக் கொண்டு எடுக்கப்பெறும்.

(3) எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: காந்தப் புலத்தையும் ரேடியோ அலைகளையும் பயன்படுத்துவது, எக்ஸ் கதிர் இதில் இல்லை. தண்டுவடத்தைக் காண இதுவே தலைசிறந்தது. ஆனால் குழந்தை இருபது நிமிடங்களோ அதற்கு மேலோ அசையாமல் இருத்தல் வேண்டும்; சிறு குழந்தைகளுக்குத் தூக்க மருந்து தேவைப்படலாம். அரைஞாண், தாயத்து, கொலுசு, தோடு ஆகியவற்றை முன்னரே கழற்றிவிடல் வேண்டும்.

வேலூர் தந்த விடை

இனி வளையத்துக்கு வருவோம். 1980-களில் நம் நாட்டில் இத்தகைய சிறு வளையங்கள் பெரும்பாலும் காசநோய்க் கட்டிகளென்றே கருதப்பட்டன. பலருக்குக் காசநோய் மருந்துகள் மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அறுவையினால் எடுத்த திசுக்களை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தனர். பலவற்றில் காணப்பட்டது காசநோயன்று. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமே. 1989-இல் லான்செட் இதழில் இச்செய்தி வெளியாயிற்று. 1993-இல் அவர்கள், அறுவையின்றியே இவ்விரண்டையும் வேறுபடுத்துதற்குரிய விதிகளை வகுத்தளித்தனர். வளையம் 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், மூளையின் நடுக்கோட்டை ஒருபுறம் தள்ளாமலும், நோயாளிக்கு வலிப்பைத் தவிர நாளுக்கு நாள் மிகும் குறைபாடு ஏதும் இல்லாமலும் இருப்பின், அது புழுவின் விளைவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

படம் மாறவில்லை, படத்தைப் படிக்கும் அறிவே மாறிற்று. இத்தகைய வளையங்களுள் பல, சில மாதங்களில் தாமே சுருங்கி மறைகின்றன. வலிப்பைத் தடுக்கும் மருந்து தொடரப்பட்டு, பின்னர் மீண்டும் ஒரு படம் எடுத்து நிலைமை அறியப்படும்.

புலால் உண்ணாதார்க்கும் வருவதேன்?

"எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லையே, பன்றிப் புழு எப்படி வந்தது?" எனப் பெற்றோர் கேட்பது இயல்பு. சரியாக வேகாத பன்றியிறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவருடைய மலத்தின் வழியே புழுவின் முட்டைகள் வெளியேறுகின்றன. அவை நீரிலும், பச்சைக் கீரையிலும், கழுவாத கைகளிலும் ஒட்டிப் பிறர் வாயை அடைகின்றன. மூளையை அடைவது அம்முட்டையிலிருந்து தோன்றும் இளம்புழுவேயாம். ஆகவே இதில் குடும்பத்தின் உணவொழுக்கத்துக்கு இழுக்கு ஒன்றுமில்லை. கழிப்பறை, தூய நீர், கைகழுவுதல் ஆகியவையே தடுப்பு.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

வலிப்பு கண்ட குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறுகிய ஆடைகளைத் தளர்த்துக. வாயில் எதையும் திணிக்கலாகாது; கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்க. ஐந்து நிமிடங்களுக்குமேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

துடிப்பு எந்த உறுப்பில் தொடங்கிற்று, கண்கள் எப்பக்கம் திரும்பின, நினைவு எப்போது தப்பிற்று என்பவற்றை எழுதிக் கொடுங்கள். வலக்கையில் தொடங்கிய துடிப்பு மூளையின் இடப்பக்கத்தைச் சுட்டுகிறது; ஸ்கேன் எடுப்பவர் எங்கே உற்று நோக்கவேண்டும் என்பதை அக்குறிப்பே உணர்த்தும். இதற்கு மாறாக, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைக்குக் கடுங்காய்ச்சலில் ஒரு முறை மட்டும் தோன்றிச் சிறிது நேரத்தில் அடங்கும் பொது வலிப்புக்குப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படுவதில்லை; இதையும் மருத்துவரே முடிவு செய்வார்.

நாம் மேலே கண்ட சிறுமி மருந்தை ஒழுங்காக உட்கொண்டு பள்ளிக்குத் திரும்பலாம். அவளைத் தனியே அமர்த்துவதற்கோ, விளையாட்டிலிருந்து முற்றும் விலக்குவதற்கோ காரணமில்லை. இந்நோய் தொட்டாலோ அருகில் அமர்ந்தாலோ ஒட்டுவதன்று என்பதை வகுப்பில் எடுத்துரைப்பதும் ஆசிரியரின் கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. கைக்குழந்தையின் மூளையை மிகையொலியால் காண முடிவது ஏன்?
2. வேலூர் ஆராய்ச்சியாளர் வகுத்த விதிகள் யாவை?
3. வலிப்பைக் கண்ட ஆசிரியர் எழுதவேண்டிய குறிப்புகளைப் பட்டியலிடுக.