வேலியேறிய நீலம்

கேள்வி: விதைக்கடையில் 'மார்னிங் குளோரி' என்று வாங்கிப் போட்ட கொடி வேலியெல்லாம் படர்ந்துவிட்டது. மொட்டு செவ்வூதா, பூவோ வான நீலம். வெயில் ஏறினால் சுருண்டுவிடுகிறது. அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? கொடிக்கு எந்த ஊர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 'ஹெவன்லி புளூ' ரகம். பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்.

நீலத்துக்கென்று தனி நிறமி அதில் கிடையாது. சங்குப்பூ ஊறிய தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுமே, அதற்கு நேரெதிராக இந்த இதழுக்குள் நடக்கிறது. மொட்டில் செல்சாற்றின் பி.ஹெச். அளவு சுமார் 6.6. பூ விரியும்போது 7.7 ஆகிவிடும். புளிப்புத் தணியத் தணிய அதே நிறமி நீலமாகிறது. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதழின் செல்லுக்குள் மெல்லிய மின்முனையை நுழைத்து இதை அளந்தார்கள். ஒரு காலைப்பொழுதுக்காக ஒரு பூ இத்தனை பாடுபடுகிறதே என்று எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

நம் ஊர் வேலியில் தானாக ஏறும் காக்கட்டான் இதற்குப் பங்காளி. சங்குப்பூவையும் காக்கட்டான் என்பார்கள். ஆனால் அதன் காய் அவரைபோல் நீண்டிருக்கும், அது வேறு குடும்பம். கொடிக்காக்கட்டான் விதை நாட்டு மருத்துவத்தில் பேதி மருந்து. சீனாவிலிருந்து ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு அது போனதும் மருந்தாகத்தான். பிறகு அந்த மக்கள் அதன் பூவில் மனம் பறிகொடுத்து, நூற்றுக்கணக்கில் ரகங்கள் உருவாக்கினார்கள். 'அசகாவோ', அதாவது காலை முகம், என்பது அங்கே அதன் பெயர். டோக்கியோவின் இரியா பகுதியில் ஜூலை 6 முதல் 8 வரை அதற்கென்றே சந்தை கூடுகிறது.

பொங்கலுக்கு வாங்கும் சர்க்கரைவள்ளியும், வள்ளைக்கீரையும், கடற்கரை அடம்பும், குளங்களை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் உங்கள் கொடியும் ஒரே பேரினம். தோட்டத்து ரகங்கள் பெரும்பாலும் அமெரிக்க வழி வந்தவை. ஆனால் மேகாலயாவில் கிடைத்த, ஏறக்குறைய 5.7 கோடி ஆண்டுப் பழமையான இலைப் படிவங்கள் இந்தப் பேரினத்தவை என்று 2018இல் அறிவித்தார்கள். இந்தியா ஆசியாவோடு முழுதாக ஒட்டாத காலம் அது! குடும்பத்தின் வேர் இந்தப் பக்கமாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

அடுத்த முறை புரட்டாசி மழைக்கு முன்னால் விதையுங்கள். விதைத்தோல் கெட்டி, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவையுங்கள். எரு அதிகமானால் இலைதான் மண்டும். இருட்டு நீளும் காலத்தில் மொட்டுவிடும் இனம் என்பதால் இரவெல்லாம் தெருவிளக்கு படும் மூலை வேண்டாம். விதை நச்சு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் காய் முற்றும் முன்பே கிள்ளிவிடுங்கள்.