ஓய்வுபெற்ற போர் விமானங்கள்: உலைக்கா, காட்சிக்கூடத்திற்கா?

நுழையும்முன்

பழைய பொருள்கள் அனைத்தையும் காத்து வைக்க எந்த நாட்டாலும் இயலாது. அனைத்தையும் அழித்துவிடுவதும் அறிவுடைமை ஆகாது. எதனைக் காப்பது, எதனை விடுப்பது என்று முடிவு செய்வதே கடினம். போரில் பணியாற்றி ஓய்வுபெற்ற விமானங்களின் கதை வழியாக இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மிக்-21 விடைபெற்ற நாள்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகர் விமானப்படைத் தளத்தில் மிக்-21 போர் விமானங்கள் இறுதியாகப் பறந்து தரையிறங்கின. அவற்றுக்கு நீரைப் பீய்ச்சி அடித்து வணக்கம் செலுத்தப்பட்டது. 1963ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் மிக்-21 படைப்பிரிவு தொடங்கப்பட்டதும் இதே சண்டிகரில்தான். ஒலியைவிட விரைந்து செல்லும் போர் விமானம் இந்திய விமானப்படைக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

அடுத்த 62 ஆண்டுகளில் 800க்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்கள் நம் படையில் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பகுதியை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே கட்டியது. 1971ஆம் ஆண்டுப் போரில் இவ்விமானங்கள் பங்கேற்றன. 2019ஆம் ஆண்டு, தமிழ்நாட்டைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் வான்போரில் ஓட்டிச் சென்றதும் மிக்-21 வகை விமானமே. இவ்விமானத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. விபத்துகளில் இளம் விமானிகள் பலர் உயிரிழந்தனர். எனவே அதன் வரலாறு பெருமையும் துயரமும் கலந்த வரலாறு.

இத்தகைய விமானங்கள் ஓய்வுபெற்றபின் என்ன ஆகின்றன? சில அருங்காட்சியகங்களுக்கும், படைத்தள வாயில்களுக்கும், கல்வி நிலையங்களுக்கும் செல்கின்றன. எஞ்சியவை பொதுவாக உடைக்கப்பட்டு உலோகமாக மாறுகின்றன.

ஏன் உடைக்கின்றனர்?

நாட்டைக் காத்த விமானத்தை உடைப்பதா என்று கேட்பது இயல்பே. ஆயினும் உடைப்பதற்கும் தக்க காரணங்கள் உள்ளன.

முதற்காரணம் பாதுகாப்பு. போர் விமானம் மற்றப் பழைய எந்திரங்களைப் போன்றதன்று. ஆபத்து நேரும்போது விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறிவதற்கு அதில் வெடிமருந்து பொருத்தப்பட்டிருக்கும். எரிபொருளும் நச்சுத்தன்மை கொண்ட எண்ணெய்களும் குழாய்களில் தங்கியிருக்கும். இவற்றை அகற்றாமல் விமானத்தை மக்கள் நடமாடும் இடத்தில் நிறுத்த இயலாது.

இரண்டாவது காரணம் செலவு. பறக்காமல் நிற்கும் விமானம் கெடாமல் இருக்கும் என எண்ணுவது தவறு. மழையும் ஈரக்காற்றும் உலோகத்தை அரிக்கும். வெயில் சக்கரங்களின் ரப்பரை வெடிக்கச் செய்யும். பறவைகள் இடுக்குகளில் கூடு கட்டும். கூரையும் தொடர்ந்த பராமரிப்பும் இருந்தால்தான் விமானம் நிலைக்கும். அமெரிக்கா ஓய்வுபெற்ற விமானங்களை அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்கு அருகில் நிறுத்தி வைப்பதற்கு, அங்குள்ள வறண்ட பாலைவனக் காற்று துருவைத் தடுப்பதும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது காரணம் பயன். விமானத்தின் உடலில் அலுமினியம் மிகுதி. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே பழைய அலுமினியத்தை உருக்குவதற்குப் போதும். உடைக்கப்படும் விமானத்தின் நல்ல உறுப்புகள், இன்னும் பறந்துகொண்டிருக்கும் அதே வகை விமானங்களுக்கு மாற்றுறுப்புகளாகவும் பயன்படுகின்றன.

பகைவர் கையில் சேரக் கூடாது என்று

நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. எஃப்-14 டாம்கேட் என்னும் விமானத்தின் கதை அதனை விளக்கும்.

அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானங்கள் 2006ஆம் ஆண்டு ஓய்வுபெற்றன. பறக்கும்போதே இறக்கைகளைப் பின்னோக்கி மடக்கவும் முன்னோக்கி விரிக்கவும் வல்ல அவ்விமானத்தை அருங்காட்சியகங்களும் ஆர்வலர்களும் பெரிதும் விரும்பினர். ஆயினும் 2007ஆம் ஆண்டு முதல் பல விமானங்கள் பெரும் எந்திரங்களால் துண்டு துண்டாக நொறுக்கப்பட்டன.

அமெரிக்காவைத் தவிர எஃப்-14 விமானத்தை வாங்கிய ஒரே நாடு ஈரான். 1970களில் இரு நாடுகளும் நட்புடன் இருந்தபோது அவ்விற்பனை நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் நட்பு பகையாக மாறியது. ஈரானிடம் இருந்த விமானங்கள் பறப்பதற்கு மாற்றுறுப்புகள் தேவைப்பட்டன. ஓய்வுபெற்ற விமானங்களின் உறுப்புகள் இடைத்தரகர் வழியாக அங்குச் சென்றுவிடலாம் என்று அமெரிக்க அரசு அஞ்சியது. எனவே உறுப்புகளின் விற்பனையை நிறுத்தி, விமானங்களை நொறுக்கியது. பயன்படத்தக்க கருவிகள் நீக்கப்பட்ட சில விமானங்கள் மட்டும் அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன.

திரும்பி வாராத இழப்பு

காரணம் இருந்தாலும், அழிவு சில வேளைகளில் எல்லை கடந்துவிடுகிறது. கனடா நாட்டு ஆவ்ரோ ஏரோ விமானம் இதற்குச் சான்று. 1958ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதன்முதலாகப் பறந்த அவ்விமானம் அக்காலத்தின் மிகச் சிறந்த போர் விமானங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அரசு அத்திட்டத்தையே கைவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பறந்துகொண்டிருந்த 5 விமானங்களும் வெட்டி அழிக்கப்பட்டன. ஒன்றுகூட முழுமையாகக் காக்கப்படவில்லை.

இன்று ஒட்டாவா நகர அருங்காட்சியகத்தில் ஏரோ விமானம் ஒன்றின் முன்பகுதி உள்ளிட்ட சில துண்டுகளே உள்ளன. அத்திட்டத்தின் எச்சங்களைத் தேடி ஆய்வாளர்கள் ஒண்டாரியோ ஏரியின் அடித்தளம்வரை சென்றனர். சோதனைக்காக ஏவப்பட்டு நீரில் மூழ்கிய சிறு மாதிரிகளை 2017ஆம் ஆண்டு கண்டறிந்தனர். ஒரே ஒரு விமானத்தைக் காத்திருந்தால் இத்தேடலுக்குத் தேவை இருந்திராது.

கான்பூரில் உயிர்த்தெழுந்த விமானங்கள்

இந்தியாவில் நிகழ்ந்த கதை இதற்கு நேர்மாறானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய லிபரேட்டர் என்னும் குண்டுவீச்சு விமானங்களைப் பிரித்தானியப் படை இந்தியாவில் பயன்படுத்தியது. போர் முடிந்ததும், வேறெவரும் மீண்டும் பயன்படுத்திவிடாதபடி அவ்விமானங்கள் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டு, கான்பூரில் கைவிடப்பட்டன.

விடுதலை பெற்ற இந்தியாவிடம் அப்போது பெரிய குண்டுவீச்சு விமானங்கள் இல்லை. புதியன வாங்கப் பணமும் இல்லை. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் பணியாளர்கள் அக்குப்பையினூடே சென்று ஆராய்ந்தனர். ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, விமானங்களை ஒவ்வொன்றாகப் பறக்கத்தக்க நிலைக்குக் கொணர்ந்தனர். அவை கான்பூரிலிருந்து பெங்களூருக்குப் பறந்து சென்று அங்கு முழுமையாகச் செப்பனிடப்பட்டன. இவ்வாறு ஏறத்தாழ 40 விமானங்கள் மீண்டன. அவை 1968ஆம் ஆண்டு வரை இந்திய விமானப்படையில் பணியாற்றின.

அமெரிக்கா 18,000க்கும் மேற்பட்ட லிபரேட்டர் விமானங்களைக் கட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை போருக்குப் பின் உருக்கப்பட்டன. பிற்காலத்தில் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்கள் இவ்வகை விமானத்தைத் தேடியபோது இந்தியாவே அவற்றுக்கு அளித்தது. கட்டியவர்களும் ஓட்டியவர்களும் குப்பை என எறிந்ததை ஏழை நாடு ஒன்று காத்து, அவர்களுக்கே திருப்பித் தந்தது.

ஒரு விமானம் எதனைக் கற்பிக்கும்?

இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானம் மாருத். செருமானிய வல்லுநர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான அவ்விமானம் 1961ஆம் ஆண்டு சூன் மாதம் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. ஒலியின் வேகத்தை விஞ்சத்தக்கதாக அதன் உடல் அமைக்கப்பட்டது. ஆனால் அதற்கேற்ற வலிமையுள்ள எஞ்சின் கிடைக்கவில்லை. ஆகவே எண்ணிய வேகத்தை அது எட்டவில்லை.

இன்று தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலும் பெங்களூரிலும் மாருத் விமானங்களைக் காணலாம். செருமனியில் மியூனிக் நகருக்கு அருகிலும் ஒன்று உள்ளது. அதன் முன் நிற்கும் மாணவர், எஞ்சினும் உடலும் ஒன்றற்கொன்று பொருந்த வேண்டும் என்னும் பொறியியல் பாடத்தைக் கண்ணாலேயே கற்கலாம். வெற்றி மட்டுமன்று, குறையும் கற்பிக்கும். உருக்கிய உலோகத்திலிருந்து அப்பாடத்தைப் பெற இயலாது.

எதனைக் காப்பது?

ஆகவே, அனைத்தையும் காப்பதும் அனைத்தையும் உடைப்பதும் வழியல்ல. ஒவ்வொரு வகையிலும் முதலில் வந்தது, இறுதியில் எஞ்சியது, குறிப்பிடத்தக்க நிகழ்வில் பங்கேற்றது ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துக் காத்தல் வேண்டும். எஞ்சியவற்றின் உலோகம் நாட்டுக்குப் பயன்படலாம். விமானத்தோடு அதன் வரைபடங்களையும், அதனைச் செப்பனிட்ட தொழிலாளர்களின் நினைவுகளையும் பதிந்து வைத்தல் வேண்டும். நாற்சந்தியில் விமானத்தை நிறுத்திவிட்டு மறந்துவிடுவது காத்தலாகாது. அது மெல்ல நிகழும் அழிவே.

1933ஆம் ஆண்டு இந்திய விமானப்படை 4 வாபிட்டி விமானங்களுடன் தன் முதற்பிரிவைத் தொடங்கியது. துணி போர்த்திய இறக்கைகளையுடைய வாபிட்டி விமானம் ஒன்று பாலம் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனை எவரோ ஒருவர் உலைக்கு அனுப்ப மறுத்ததால்தான் இன்றைய சிறுவர்கள் அதன் முன் நின்று பார்க்க முடிகிறது.

சொல்லும் பொருளும்

உலை – உலோகத்தை உருக்கும் அடுப்பு
விடுத்தல் – கைவிடுதல்
தாது – உலோகம் கலந்த மண் அல்லது கல்
மாற்றுறுப்பு – பழுதான உறுப்புக்கு மாற்றாகப் பொருத்துவது
எச்சம் – எஞ்சி நிற்பது
விஞ்சுதல் – மிகுதல், கடத்தல்
செப்பனிடுதல் – பழுது நீக்கிச் சீராக்குதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. இந்தியாவின் முதல் மிக்-21 படைப்பிரிவு தொடங்கப்பட்ட நகரம் ________.
2. சிதைக்கப்பட்ட லிபரேட்டர் விமானங்கள் கைவிடப்பட்ட ஊர் ________.
3. மாருத் விமானத்தை வடிவமைத்த குழுவின் தலைவர் ________.

ஆ. பிரித்து எழுதுக.

1. தரையிறங்கின 2. அருங்காட்சியகம் 3. வேலையிழந்தனர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பறக்காமல் நிற்கும் விமானம் எவ்வாறு கெடுகிறது?
2. எஃப்-14 விமானங்களை அமெரிக்கா நொறுக்கியது ஏன்?
3. மாருத் எண்ணிய வேகத்தை எட்டாமைக்குக் காரணம் யாது?

ஈ. விரிவாக விடை எழுதுக.

ஆவ்ரோ ஏரோ, லிபரேட்டர் ஆகிய இரு விமானங்களின் கதைகளையும் ஒப்பிட்டு, நீவிர் அறிந்துகொண்டதை எழுதுக.

உ. கலந்துரையாடுக.

ஒரு நகரத்திற்கு ஓய்வுபெற்ற விமானம் ஒன்று வழங்கப்படுகிறது. அதனைக் காக்க ஆண்டுதோறும் செலவாகும். அதனை ஏற்கலாமா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து பேசுக.

ஊ. செயல்பாடு

சொந்த ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்தபோது உங்கள் குடும்பத்தார் உடன் கொண்டுவந்த பழைய பொருள் ஒன்றையும், அங்கேயே விட்டுவந்த பொருள் ஒன்றையும் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டறிக. ஒன்றைக் கொண்டுவந்ததற்கும் மற்றொன்றை விட்டுவந்ததற்கும் அவர்கள் கூறும் காரணங்களைப் பத்து வரிகளில் எழுதுக.