திறந்த கதவும் பிறர் கைப்பொருளும்

மில்லர்புரத்து மாணவர்க்கு விண்வெளி என்பது இக்காலத்தில் தொலைவிலுள்ள பொருளன்று. கடற்கரை வழியே தெற்கே சென்று திருச்செந்தூரைக் கடந்தால் குலசேகரன்பட்டினம். ஆங்கே இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாவினின்று துருவப் பாதைக்கு எழும் ராக்கெட்டு, இலங்கைத் தீவின் மேற் செல்லாவண்ணம் வளைந்து செல்லவேண்டியிருக்கின்றது. அவ்வளைவில் எரிபொருள் செலவாகும். சிறிய ராக்கெட்டுகளுக்கு அவ்விழப்புப் பெரிது. நம் கரையினின்று தெற்கு நோக்கினாலோ, திறந்த கடலன்றித் தடை வேறில்லை. முத்துக்குளித்தற்குப் பேர்பெற்ற கரை விண்ணேறுதற்கும் இடமாவதன் காரணம் இதுவே.

இச்செய்தி வந்தபின் கணிப்பொறி அறையிலும் மாணவர் விடுதி முற்றத்திலும் ராக்கெட்டைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் உரையாடல்கள் மிகுந்தன. அவற்றுள் ஒரு கருத்து அடிக்கடி எழக் கேட்கின்றோம். “அறிவு எல்லார்க்கும் பொது, திறமூல மென்பொருளாளரே அவ்வாறு கூறுகின்றனர், ஆகவே இணையத்திற் கண்ட எதனையும் எடுத்தாளலாம்” என்பதே அது. இதன் முற்பகுதி மெய். பிற்பகுதி அதனின்று பிறவாது. இதனைப் பிறர்க்கு உபதேசிக்கும் உயர்நிலையினின்று நாம் எழுதவில்லை. அப்பிழையை நாமே செய்தோம்.

மன்ற விழா ஒன்றன்பொருட்டு இணையப்பக்கம் வேண்டியிருந்தது. நாள்களோ குறைவு. வெளியூர் ஹோட்டல் ஒன்றன் பக்கம் கண்ணுக்கு இனிதாயிருந்தது. அதன் மூலநிரலை உலாவியில் திறந்து, முழுதும் பெயர்த்தெடுத்து, பெயரையும் படங்களையும் மட்டும் மாற்றி வெளியிட்டோம். இரண்டு நாள் எல்லாரும் புகழ்ந்தனர். பக்கத்தின் அடியில் ‘அறை பதிவு செய்க’ என்றிருந்த பொத்தானை நீக்க மறந்தோம். பழைய மாணவர் ஒருவர் அதனைக் கண்டு, விழாவுக்கு வருவோர்க்கு அறையும் தருகின்றீர்களோ என்று வினவினார். நகைத்தோம். ஆயின் அப்பக்கத்தை வரைந்தவரிடமிருந்து சுருக்கமான மடல் ஒன்று வந்தபோது நகைப்பு நின்றது. அவர் நிறுவனத்தார் அல்லர்; தனியாள்; அதுவே அவர் பிழைப்பு. இரண்டு மாதம் உழைத்துச் செய்த வேலை அது என்று எழுதியிருந்தார், வேறொன்றும் கேட்டாரில்லை. அன்று மாலையே பக்கத்தை நீக்கினோம்.

இனி, திறமூலம் என்பது யாது? அஃது உடையவர் இல்லாப் பொருளன்று. 1983-இல் அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதன் பொது உரிமம் வெளிவந்தது. 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ கருவை வெளியிட்டு, மறு ஆண்டில் அதனை அவ்வுரிமத்தின்கீழ் வைத்தார். நிரலை இயக்கவும், அதன் உள்ளமைப்பைக் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் அவ்வுரிமம் இசைவளிக்கின்றது. அவ்விசைவோடு கடமையும் உண்டு. திருத்திய நிரலைப் பிறர்க்கு வழங்குவோன், தான் பெற்ற உரிமைகளையும் மூலநிரலையும் அவர்க்கும் தரல்வேண்டும். முன்னர் எழுதினோரின் உரிமைக் குறிப்பை அழித்தல் ஆகாது. இக்கடமையைக் காப்பது எது? பதிப்புரிமைச் சட்டமே. எழுதினவர்க்கு உரிமையே இல்லையாயின், நிபந்தனை விதிக்க அவரால் எங்ஙனம் இயலும்? திறமூலம் பதிப்புரிமையை இடித்துவிட்டு எழுந்ததன்று. அதனையே அடித்தளமாகக் கொண்டு எழுந்தது. நம் மாணவருள் பலர் இந்நுட்பத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

பெயர்த்தலிலும் நேர்மையான பெயர்த்தல் உண்டு. சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் ‘டெபியன்’ என்னும் வெளிநாட்டுத் தொகுதியை அடியாகக் கொண்டது. அதனை அவர்கள் மறைத்தாரல்லர். மறைக்கவேண்டிய தேவையும் இல்லை.

இணையப்பக்கமோ வேறு வகையினது. அதன் நிரலை எவரும் உலாவியில் திறந்து காணலாம். காணக் கிடைப்பது கொள்ளக் கிடைப்பதாகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலையும் இலக்கிய ஆக்கமாகவே கொள்கின்றது. ஆயினும் கருத்து எவர்க்கும் தனியுடைமையன்று. கருத்தை வெளியிட்ட வடிவமே உரிமைக்குட்பட்டது. 1978-இல் ஆர். ஜி. ஆனந்த் என்னும் நாடகாசிரியர் தொடுத்த வழக்கில், கருப்பொருள் ஒன்றாயிருத்தல் மட்டும் குற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அந்த ஹோட்டல் பக்கத்தைக் கண்டு, வண்ணங்களை எவ்வாறு இசைத்தார், எழுத்துகளுக்கிடையே எவ்வளவு வெளிவிட்டார் என்று கற்று, நாமே ஒன்று வரைந்திருந்தால் ஒரு குற்றமுமில்லை. நாம் கற்கவில்லை, எடுத்தோம். எடுத்ததனால் அந்தப் பொத்தான் எங்கே இருந்ததென்றுகூட அறியாதிருந்தோம்.

நிற்க. விண்வெளித் துறையின் வரலாற்றிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டா. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட்டு எந்திரங்களைச் சோதிக்கும் நிலையம் உள்ளது. ஆங்கே சோதிக்கப்பெறும் ‘விகாஸ்’ எந்திரம் பிரெஞ்சு நாட்டாரின் ‘வைக்கிங்’ எந்திரத்தை அடியாகக் கொண்டது. 1974-இல் இரு நாட்டார்க்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. நம் பொறியாளர் பிரான்சு சென்று, அந்நாட்டார் அவ்வெந்திரத்தை ஆக்கும் பணியில் உடனிருந்து உழைத்தனர். அவ்வுழைப்பிற்கு ஈடாக அந்நுட்பத்தைப் பெற்றனர். அந்நாட்டாரோடு ஒருங்கிருந்து செய்தமையால் அதன் ஒவ்வொரு பகுதியும் ஏன் அவ்வாறு அமைந்ததென்று அறிந்து மீண்டனர். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் சந்திரயான்-3 கலத்தைச் சுமந்தெழுந்த ராக்கெட்டின் நடுப்பகுதியில் இரண்டு விகாஸ் எந்திரங்கள் இருந்தன.

கடுங்குளிர் எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் எந்திரத்தின் கதை இதற்கு மாறானது. 1991-இல் சோவியத் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி அந்நுட்பமும் நமக்கு வருவதாயிருந்தது. அமெரிக்க அரசு தடுத்தமையால் 1993-இல் ரஷியர் நுட்பத்தைத் தர மறுத்து, எந்திரங்களை மட்டும் விற்க இசைந்தனர். நம்மவர் தாமே முயன்றனர். 2010 ஏப்ரலில் முதற்பறத்தல் தோல்வியுற்றது. 2014 ஜனவரி 5-ஆம் நாள் வெற்றி கிட்டியது. இருபதாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு! எல்லாக் கதவுகளும் திறந்திருக்கவேண்டுமென்று நாம் வாதிடவில்லை. விண்ணேறும் ராக்கெட்டின் நுட்பம் படைக்கலத்திற்கும் உதவுமாதலின், அதனைக் காப்போர் கூறும் காரணம் பொருளற்றதன்று. ஆயினும் மூடிய கதவின் விலை எத்துணையென்று அவ்விருபதாண்டுகள் காட்டுகின்றன.

முத்தின் செய்தியும் இத்தகையதே. சிப்பியின் உடலுள் சிறு மணியொன்றையும் மற்றொரு சிப்பியின் தசைத் துணுக்கையும் வைத்து முத்து விளைவிக்கும் கலையை ஜப்பானியர் பல்லாண்டுகள் அயலார்க்குக் கற்பியாது காத்தனர். நம் கடலிலோ 1961-க்குப் பின் முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் தாமே ஆராய்ந்து 1973-இல் முத்து விளைவித்தனர்.

திறந்த வழியின் பயனுக்குச் செவ்வாய்க் கோளில் ஒரு சான்று உண்டு. 2021 ஏப்ரல் 19-ஆம் நாள் ஆங்கே எழுந்து பறந்த ‘இன்ஜெனுவிட்டி’ என்னும் சிறு ஹெலிகாப்டர் லினக்ஸில் இயங்கியது. அதனை இயக்கிய திறமூல நிரல்களுக்குப் பங்களித்தோர் ஏறத்தாழ 12,000 பேர். தாம் எழுதிய வரிகள் செவ்வாய்க்குச் செல்லுமென்று அவருட் பெரும்பாலோர் நினைத்திருக்கமாட்டார். எவர் எதனை எழுதினார் என்னும் பதிவுகள் அழிக்கப்படாமையாலன்றோ அவர்களைப் பின்னர்த் தேடிக் கண்டு பாராட்ட முடிந்தது?

நம் விழாப் பக்கத்தை மீண்டும் அமைத்தோம். திறந்த உரிமத்தோடு வெளியிடப்பெற்ற எளிய சட்டகம் ஒன்றை எடுத்து, அதனை எழுதினவர் பெயரை அடியில் நிறுத்தி, எஞ்சியதை நாமே எழுதினோம். முன்னதைப்போல் அழகாயில்லை, தலைப்பின் நிறத்தைப் பற்றி இன்றும் நம்முள் கருத்துவேறுபாடு உண்டு. விழாவுக்கு முந்திய இரவு நிகழ்ச்சிநிரல் திறவாது நின்றுபோயிற்று. முதலாண்டு மாணவி ஒருத்தி எந்த வரியிற் பிழையென்று கண்டு, கால்மணி நேரத்திற் சீர்செய்துவிட்டு உறங்கப் போனாள்.