ஒழுகும் மாடியும் சுண்ணாம்பு வேதியியலும்

வீட்டைக் கட்டுவதினும் கட்டிய வீட்டைக் காப்பது கடினம். திருவரங்கத்துப் பழைய வீடுகளுள் பல ‘மெட்ராஸ் டெரஸ்’ வகையின. மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பர்.

இத்தகைய மாடி ஒழுகினால் பலர் சிமெண்டு பூசிவிடுகின்றனர். அது தவறு. சித்திரை வெயிலில் தளம் விரியும்போது விறைத்த சிமெண்டு இணங்காமல் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் எளிதில் உலராது. நாளடைவில் கட்டைகள் இற்றுப்போகும்.

சுட்ட சுண்ணாம்பாகிய கால்சியம் ஆக்சைடு நீர் பட்டதும் கொதித்து நீறி, கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கொத்தனாரான என் தந்தை இச்சமன்பாட்டை அறியார். ஆயினும், “சுண்ணாம்புக்குப் பொறுமை வேணும்” என்பார். இரண்டும் ஒன்றே அன்றோ!

செய்முறை இது: வெடிப்பை உளியால் சற்று அகலமாக வெட்டுக. தூசியைத் துடைத்து நீர் தெளிக்க. நீறிய சுண்ணாம்பு 1 பங்கு, செங்கற்பொடி 2 பங்கு குழைத்துக் கரணையால் அழுத்தி நிரப்புக. ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்துக. செங்கற்பொடி சேர்வதால் ஈரத்திலும் காரை கெட்டிப்படும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, எச்சரிக்கை தேவை.

பழைய முறைகளைப் போற்றிய திருப்பணிக்காக அரங்கநாதர் கோயிலுக்கு 2017இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. வீடுகளிலோ காரை குழைக்கும் கைகள் அருகி வருகின்றன. நண்பர்களே, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த நாம், பெற்றோரின் கையறிவை ஏட்டில் ஏற்றி வைப்போமாக!