நெட்டைக் கள்ளி அடியில் அழுகுகிறதா?

களனி கங்கைக் கரையில் தாழ்ந்து கிடக்கும் பேலியகொடையில் தூண் போல உயரும் கள்ளி பெரும்பாலும் ஈரத்தால்தான் சாகிறது. மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. அடியில் துளையுள்ள, கனமான மண்சாடியில் நடுங்கள். ஈரம் சீக்கிரம் காயும், காற்றுக்குச் சரியாது.

2. மண் ஒரு பங்கு, பருமணலும் சிறுகல்லும் இரு பங்கு. கடல் மணல் வேண்டாம், உப்பு வேரைக் கருக்கும்.

3. மழை படாத, வெயில் விழும் கூரையோரம் வையுங்கள். நிழலில் நுனி மெலிந்து, பிறகு அந்த இடத்திலேயே முறியும்.

4. அடித்தண்டை அமுக்கினால் விரல் புதைகிறதா? அன்றைக்கே வெட்டுங்கள், அழுகல் உள்ளுக்குள்ளே மேலேறும். பழைய பத்திரிகையை மடித்துத் தண்டில் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. வெட்டுமுகத்தில் கபில நிறம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள், சுத்தமான வெளிர்பச்சை வரும்வரை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள், இல்லையேல் கத்தியே நோயைப் பரப்பும். நல்ல துண்டை நிழலில் நிமிர்த்திச் சாத்தி வையுங்கள், கிடத்தினால் வளைந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும் புது மணலில் நட்டு, கம்பு ஊன்றிக் கட்டுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் மிகக் கொஞ்சமாகவே.