குறைந்த இசட் புள்ளியும் நிறைந்த விண்ணப்பமும்

மாமி மகள் ராத்தாவுக்கு உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் இசட் புள்ளி குறைவு. பெறுபேறு வந்த அன்று, “இனி எனக்கு எங்கே கெம்பஸ்?” என்று அழுதார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாமா, “அல்லாஹ் நாடினது கிடைக்கும் மகள்” என்று மட்டும் சொன்னார். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ராத்தா நான்கே தெரிவுகளை எழுதினார். நான்கும் பெயர்பெற்ற பாடநெறிகள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வெட்டுப்புள்ளிகள் வெளியானபோதுதான் தெரிந்தது, அவருடைய புள்ளிக்கு எட்டிய பாடநெறிகளும் இருந்தன என்று. அவற்றை அவர் எழுதவே இல்லை.

அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். அடுத்த வருடங்களில் விண்ணப்பிக்கப்போகும் நமக்கும் நம் பெற்றோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இசட் புள்ளி என்றால் என்ன?

முன்பு பாடங்களின் மொத்தப் புள்ளியைக் கொண்டே தெரிவு நடந்தது. கடினமான பாடத்தை எடுத்தவருக்கு இது அநீதி. அதனால் 2001 முதல் இசட் புள்ளி முறை வந்தது. இதை முன்வைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில்.

ஒரு பாடத்தில் நாம் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். முதலாம் பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 10. நாம் 60 எடுத்தால் இசட் 1. இரண்டாம் பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 8. நாம் 56 எடுத்தால் இசட் 2. பார்வைக்கு 60 பெரிது, கணக்கில் 56 பெரிது. மூன்றாம் பாடத்தில் சரியாகச் சராசரியையே எடுத்தால் இசட் 0. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் நமது இசட் புள்ளி 1.

எனவே இசட் புள்ளி நம் அறிவின் அளவு அல்ல. அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதியவர்களுக்குள் நாம் நின்ற இடம், அவ்வளவுதான்.

திருகோணமலைக்கு உள்ள இடம்

பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பகிரப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அவற்றில் நமது மாவட்டமும் ஒன்று. அதனால்தான் ஒரே பாடநெறிக்குக் கொழும்புக்கு ஒரு வெட்டுப்புள்ளி, திருகோணமலைக்கு இன்னொன்று.

பெற்றோர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடங்களில் பிள்ளை படித்த பாடசாலையை வைத்தே பொதுவாக மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. நல்ல டியூஷன் கிடைக்கும் என்று பிள்ளையை வெளிமாவட்டப் பாடசாலைக்கு மாற்றுமுன் இதை யோசிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது?

அடிப்படைத் தகுதி, ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தியும், பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும். “அது சும்மா பேப்பர்தானே” என்று பொதுப் பரீட்சையை விட்டுவிடக் கூடாது.

தெரிவுகளை உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுத வேண்டும். நம் புள்ளிக்கு எட்டும் தெரிவுகளில் மேலே உள்ளதுதான் கிடைக்கும். கீழே இன்னும் பத்து எழுதினால் முதல் தெரிவுக்கான வாய்ப்பு குறையாது. ஆனால் பயந்துபோய் எளிதாகக் கிடைப்பதை முதலில் எழுதினால், மேலானதற்குப் புள்ளி இருந்தாலும் எளிதானதே வரும். போக மனமில்லாத பாடநெறியை எழுதவும் கூடாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூல் தமிழிலும் உண்டு. அதையும் முந்தைய வருட வெட்டுப்புள்ளிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உம்மா வாப்பாவோடு உட்கார்ந்து நிரப்புவது நல்லது. “தூரத்துக்கு அனுப்ப மாட்டோம்” என்பதை அன்றே பேசித் தீர்க்கலாம். நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவம், தொடர்பாடல், கணினி விஞ்ஞானம் எல்லாம் அங்கே உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகள், அரபுமொழிப் பீடம் இருக்கிறது.

அப்படியும் கிடைக்காவிட்டால்?

உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். 1980 இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அரச பல்கலைக்கழகம்தான். கட்டணம் உண்டு, ஆனால் வீட்டிலிருந்தபடியே பட்டம் படிக்கலாம். தொழிற்கல்வியில் என்.வி.கியூ. 5ஆம் மட்டம் வரை போனவர்கள், இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

ராத்தா இரண்டாம் தடவை எழுதினார். புள்ளி பெரிதாக ஏறவில்லை. ஆனால் இந்த முறை மாமாவும் அவரும் மூன்று இரவுகள் கைநூலோடு உட்கார்ந்தார்கள். நான்கு தெரிவு இருந்த இடத்தில் இருபதுக்கும் மேல் எழுதினார்கள். இப்போது ராத்தா தினமும் காலையில் நிலாவெளி பஸ்ஸில் வளாகத்துக்குப் போகிறார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று சிறுவயதில் மத்ரஸாவில் படித்தோம். படிப்பது நம் கடமை. விண்ணப்பத்தைக் கவனமாக நிரப்புவதும் நம் கடமையே. அதற்குப் பிறகு கிடைப்பது, இன்ஷா அல்லாஹ், நமக்கு நல்லதாகவே இருக்கும்.