ரெஸ்யூமே டிசைன்: ஃபான்ட், கலர் விஷயத்துல இதை மட்டும் கவனிங்க!



எஸ்ஐபி, டாக்ஸ் சேவிங் பத்தி நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு அதுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருதோ, அந்த இடத்துக்குப் போவோம். அதாவது, உங்க ரெஸ்யூமே.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. மாசம் 40,000 ரூபாய் சம்பளம். வேலை மாறும்போது 20% உயர்வு கிடைச்சா 48,000. 30% கிடைச்சா 52,000. வித்தியாசம் மாசம் 4,000, வருஷத்துக்கு 48,000 ரூபாய். அடுத்த முறை மாறும்போதும் பெரும்பாலும் இந்தத் தொகை மேலதான் உயர்வைக் கணக்குப் போடுவாங்க.

நல்ல ஃபான்ட் போட்டா 30% கிடைச்சிடும்னு சொல்ல வரல. கையில ரெண்டு மூணு இன்டர்வியூ அழைப்பு இருந்தாத்தான் தைரியமா பேரம் பேச முடியும். அழைப்பு வரணும்னா, முதல்ல அதை ஒருத்தர் சிரமப்படாம படிக்கணும்.

1. பேலன்ஸ் ஷீட் மாதிரி யோசிங்க

பேலன்ஸ் ஷீட்ல கலரே இருக்காது. ஆனாலும் கண் நேரா டோட்டலுக்குப் போகும். தலைப்பு போல்டுல இருக்கு, எண்கள் வலது ஓரத்துல ஒரே நேர்கோட்டுல நிக்குது, டோட்டலுக்குக் கீழ இரட்டைக் கோடு. அவ்வளவுதான் டிசைன்.

ரெஸ்யூமேவுக்கும் ஒரு டோட்டல் உண்டு: பதவி, நிறுவனம், வருஷம். பதவியை போல்டுல போடுங்க. வருஷத்தை வலது ஓரத்துல நிறுத்துங்க. அதுக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டாதீங்க, ஃபைல் வேற கம்ப்யூட்டர்ல திறந்தா வரி கலைஞ்சிடும். வலது டேப் ஸ்டாப் வைங்க.

2. ஒரே ஃபான்ட், மூணு அளவு

பெயர் 20 பாயின்ட், தலைப்பு 13, மற்றதெல்லாம் 11. வரி இடைவெளி 1.15, நாலு பக்கமும் 2 செ.மீ. மார்ஜின். இது போதும்.

காலிப்ரி, ஏரியல் ரெண்டுமே பாதுகாப்பான தேர்வு. டைம்ஸ் நியூ ரோமன் 1932-ல லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக உருவானது. குறுகலான பத்தியில நிறைய எழுத்து அடங்கணும்ங்கிறது அதோட நோக்கம். அதனால பக்கம் முழுக்க அகலமா ஓடுற வரிகள்ல கொஞ்சம் நெருக்கமா தெரியும். ஜார்ஜியா அழகான ஃபான்ட்தான். ஆனா அதுல எண்கள் மேலும் கீழுமா ஏறி இறங்கி நிக்கும். வருஷம், தொகை, சதவீதம் அதிகமா இருக்கிற ரெஸ்யூமேவுக்கு அது சரிப்படாது.

ஒரே பக்கத்துல அடக்கணும்னு எழுத்தை 9 பாயின்டுக்குக் குறைக்காதீங்க. குறைக்க வேண்டியது விஷயத்தை. பத்தாம் வகுப்பு மார்க், அப்பா பெயர், பான் நம்பர் எதுவுமே தேவையில்லை.

3. கலர் ஒண்ணே ஒண்ணு

கறுப்பு எழுத்து, கூட நேவி ப்ளூ மாதிரி அடர்த்தியான ஒரு நிறம். அதுவும் பெயருக்கும் தலைப்புக்கும் மட்டும். பல ஆபீஸ்ல பிரின்டர் கறுப்பு வெள்ளைதான். நேவி ப்ளூ அதுல அடர் சாம்பலா வரும், படிக்கலாம். மஞ்சளும் வெளிர் நீலமும் கிட்டத்தட்ட காணாமப் போயிடும்.

வெளிர் சாம்பல் எழுத்தும் வேண்டாம். இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேணும்னு சொல்லுது. காசு கொடுத்து வாங்குற பல டெம்ப்ளேட்கள் இதுலயே அடிபடும்.

4. ஸ்கில் பார் வேண்டாம்

'எக்ஸெல் 80%'னு கலர் பட்டை போடுறாங்க. எதுல 80%? ஆடிட்டர் கண்ணுக்கு அது ஆதாரம் இல்லாத எண். 'எக்ஸெல்: பிவட் டேபிள், எக்ஸ்லுக்கப்' என்று எழுதுங்க. இன்டர்வியூல கேள்வி கேட்கவாவது அதுல ஏதாவது இருக்கும்.

அனுப்புறதுக்கு முன்னாடி மூணு டெஸ்ட்

- பிடிஎஃப்ல எல்லாத்தையும் காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க. வரிசை குழம்பினா, ரெஸ்யூமேவை வடிகட்டுற சாஃப்ட்வேரும் குழம்பலாம். ரெண்டு காலம் லேஅவுட், டெக்ஸ்ட் பாக்ஸ் இதுலதான் பெரும்பாலும் மாட்டும்.
- கறுப்பு வெள்ளைல ஒரு பிரின்ட் எடுங்க.
- மொபைல்ல திறந்து, பெரிசாக்காம பதவியும் வருஷமும் தெரியுதான்னு பாருங்க.

மூணுலயும் பாஸ் ஆனா, டெம்ப்ளேட்டுக்குச் செலவு பண்ண வேண்டாம். அந்தக் காசை இந்த மாச எஸ்ஐபியில போடுங்க!